வெடிமருந்து (6)

டைனமைட் என்ற சொல்லைக் கட்டத்துக்குள் இருத்த எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. பெட்டி நாலுதான்: டை, ன, மை, ட். ஆனால் சொல் வாசலிலேயே இடறுகிறது. டகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது, வல்லின மெய்யில் முடியாது. தொல்காப்பியர் முன்கதவையும் பின்கதவையும் சேர்த்தே சாத்தியிருக்கிறார். முன்பக்கத்தை எப்படியோ சமாளித்தேன். மேலிருந்து கீழாகக் 'கோட்டை'யை இறக்கினால் அதன் கடைசி எழுத்து டைனமைட்டின் முதல் எழுத்தாகிவிடும். பின்பக்கம்தான் ஆளைக் கொன்றது. புள்ளியெழுத்தில் எந்தச் சொல்லையும் தொடங்க முடியாது. ஆகவே 'ட்' விழும் இடம் கீழிறங்கும் சொல்லின் வயிற்றில் இருக்க வேண்டும். பின்னேரம் தேத்தண்ணி ஆறிப்போன பிறகுதான் 'வேட்டு' ஞாபகம் வந்தது. கோட்டை, டைனமைட், வேட்டு மூன்றும் ஒரே மூலையில். எட்டிப் பார்த்த மனைவி, "இது குறுக்கெழுத்தோ, சண்டையோ?" என்றாள். 1980களின் தொடக்கம். சண்டை அப்போது இன்னும் ஊருக்குள் வந்திருக்கவில்லை.

பாடசாலையில் நான் இரசாயனவியல் படிப்பித்தவன். மாலையில் திருகோணமலை உவர்மலை வீட்டு விறாந்தையில் கணக்குக் கொப்பியும் அழிறப்பருமாக இருந்து பத்திரிகைகளுக்குக் கட்டம் போட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழில். சம்பளம் என்று சொல்ல வெட்கமாக இருக்கும். தபால் செலவு கழிந்தால் ஒரு சாறம் வாங்கலாம். எங்கள் குன்றுக்கு ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில், தமிழில் உவர்மலை. இப்படியான இடத்தில் குடியிருப்பவனுக்குச் சொல்லோடு விளையாடும் புத்தி வராவிட்டால்தான் புதினம்.

டைனமைட்டுக்கு நான் எழுதிய குறிப்பு: 'நோபல் கண்டது, மீனுக்கும் ஆகாது, மீனவனுக்கும் ஆகாது (4)'. அல்பிரட் நோபல் 1867இல் காப்புரிமை பெற்ற சரக்கு அது. தொட்டால் வெடிக்கும் நைத்திரோகிளிசரீனை ஒருவகை நுண்மண்ணில் ஊறவைத்துக் கையில் எடுக்கக்கூடிய குச்சியாக்கினார். பெயரைக் கிரேக்கத்திலிருந்து எடுத்தார். வலிமை என்று பொருள். கல்லுடைக்கவும் சுரங்கம் தோண்டவும் வந்த சாமான் எங்கள் கடலில் வேறு வேலைக்குப் போனது. கல் குவாரியிலிருந்து கைமாறி வரும் குச்சியில் திரி வைத்து மீன் கூட்டத்தின் மேல் எறிவார்கள். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் அதைத் தடைசெய்திருக்கிறது. கடலுக்குள் சட்டம் எவ்வளவு தூரம் நீந்தும் என்பது உங்களுக்கே தெரியும்.

அந்தக் குறிப்பை நான் புத்தகத்திலிருந்து எழுதவில்லை. மீன் சந்தையில் ஒரு காலை. கீழே பளபளவென்று ஒரு பாரைக் குவியல், விலையும் குறைவு. குனிந்தேன். பக்கத்துத் தட்டுக்கார அம்மா தன் மீனை விற்கிற அவசரத்திலும் என்னைத் தடுத்தார்.

"சேர், அதைத் தொடாதீங்க. டைனமைட் மீன்."

"எப்பிடித் தெரியும்?"

ஒரு பாரையை எடுத்து வாலைப் பிடித்துக் கிடையாக நீட்டினார். நல்ல மீன் பலகை போல நிற்க வேண்டும். அது நடுவில் தொய்ந்தது. முள்ளு முறிந்திருக்கிறது என்றார். விரலால் வயிற்றை அமுக்கினார். உள்ளே எல்லாம் கூழ். பிறகு கத்தியால் கீறி முதுகெலும்போரம் உறைந்திருந்த இரத்தத்தைக் காட்டினார். தண்ணீருக்குள் அதிர்ச்சி அலை போகும்போது மீனின் காற்றுப்பைதான் முதலில் கிழியும் என்று நான் வகுப்பில் சொல்லக்கூடியவன். காற்றுப்பை போன மீன் மிதக்காது. செத்ததில் பாதி அடியில் கிடந்தே அழுகும். அந்த அம்மா ஒரு வரியில் முடித்தார்: "பிடிச்சதைவிட விட்டது கூட, சேர்."

என் தொழிலில் டைனமைட் ஒரு மொட்டைச் சொல். தமிழில் அதற்கு அண்ணன் தம்பி கிடையாது. உடைத்தால் உள்ளே ஒன்றும் இராது. 'மை' ஒன்றுதான் தேறும், எழுதுகிற மை. ரி.என்.ரி. அதைவிட மோசம். கடல் தாண்டினால் அது டி.என்.டி. ஆகிவிடும், எந்த எழுத்தைப் பெட்டியில் போட்டாலும் பாதிப் பேர் பிழை என்று எழுதுவார்கள். ஆங்கிலப் புதிர்காரர்களுக்கோ மூன்றே எழுத்துள்ள அந்தச் சொல் வரப்பிரசாதம், மூலையில் இடம் மிஞ்சினால் அதைச் செருகிவிடுவார்கள்.

எனக்கு விருந்து வைத்தவை நம்முடைய சொந்தச் சொற்கள். மருந்து என்பதை எடுங்கள். 'வைத்தியரும் இடிப்பார், வாணக்காரரும் இடிப்பார் (4)'. இதைவிடச் சுத்தமான குறிப்பு நான் எழுதியதில்லை. உரலில் இடிபடுவது திரிகடுகமாகவும் இருக்கலாம், கரியும் கந்தகமும் வெடியுப்புமாகவும் இருக்கலாம். வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10 என்பது பழைய கறுப்பு மருந்தின் கணக்கு. அதையும் மருந்து என்றே சொல்ல நம் ஆட்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை. சிங்களத்திலும் அதே கதைதான்: வெடி பெஹெத். பெஹெத் என்றால் மருந்து. வெடி நம்மிடமிருந்து போனது.

வெடியுப்பு என்றதும் ஒரு அச்சுப்பிழை நினைவுக்கு வருகிறது. ஊர்ப்பெயர்க் கட்டம் ஒன்று போட்டேன்: நிலாவெளி, உப்புவெளி, மனையாவெளி. ஈயஎழுத்துக் காலம். அச்சுக்கோப்பவர் ளிக்குப் பதில் டியை எடுத்துவிட்டார். அடுத்த வாரம் விடைக்கட்டத்தில் 'உப்புவெடி' என்று வந்தது. மூன்று கிழமை கடிதம் வந்தது. உப்புவெடி எந்தக் கடையில் கிடைக்கும், தீபாவளிக்கு வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் கோபப்படவில்லை. உப்புவெடியைத் திருப்பிப் போட்டால் வெடியுப்பு. அதற்கும் ஐந்து பெட்டி. பிழையில் கிடைத்ததை அடுத்த மாதம் குறிப்பாக்கிவிட்டேன்.

வெடி என்ற சொல்லே சாதுவானது. பருத்தி வெடிக்கும், வெள்ளரிப்பழம் வெடிக்கும், கோடையில் வயல் வெடிக்கும், கிழவியின் குதிக்கால் வெடிக்கும். எங்கள் பக்கத்தில் 1983க்குப் பிறகு அதற்கு ஒரே பொருள்தான் மிஞ்சியது. "அவனுக்கு வெடி விழுந்திட்டுது" என்றால் யாரும் பருத்தியை நினைப்பதில்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு வருடமும் எனக்குப் புதுச் சொற்கள் வந்து சேர்ந்தன, நான் கேட்காமலே. எல்லாமே ஒரு புதிர்காரன் கனவு காணக்கூடிய சொற்கள் என்பதுதான் கொடுமை.

ரவை: 'உப்புமாவுக்கும் வேண்டும், துவக்குக்கும் வேண்டும் (2)'. இந்தியாவில் இந்தக் குறிப்பு எடுபடாது, அங்கே ரவையை யாரும் சுடுவதில்லை.

செல்: 'போ என்றாலும் இதுதான், புத்தகத்தை அரிப்பதும் இதுதான், மேலே கூவிக்கொண்டு வந்தால் பதுங்குகுழிக்குள் (2)'. கறையானுக்குச் செல் என்ற பெயர் இருப்பது இளையவர்களுக்குத் தெரியாது. இப்போது அதைக் கைத்தொலைபேசி என்பார்கள்.

கிளைமோர்: மரத்தில் பிரிந்தது கிளை, தயிரைக் கடைந்தது மோர், இரண்டும் சேர்ந்தால் வீதியோரக் கண்ணி. நாலு பெட்டி. உண்மையில் இது ஸ்கொட்லாந்துக்காரரின் சொல், பெரிய வாள் என்று பொருள். ஆனால் தமிழ்க் காதுக்குள் நுழைந்ததும் கிளையும் மோருமாக நிழலும் குளிர்ச்சியும் பூசிக்கொண்டு நிற்கிறது. பேருந்தின் யன்னலில் சாய்ந்தபடி இந்தப் பிரிப்பைக் கண்டுபிடித்தேன். சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் ஏன் என்று கேட்டார்; சொல்லவில்லை. அந்தக் குறிப்பைக் கொப்பியில் எழுதி வைத்தேன், ஒரு பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. அந்த மாதமே அந்த வீதியில் எங்கோ ஒன்று வெடித்திருக்கும். அதில் யார் வீட்டுப் பிள்ளை போயிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கண்ணிவெடி இன்னும் சிக்கல். கண்ணி என்றால் பறவை பிடிக்கிற சுருக்கு. தலையில் சூடும் மாலை. இரண்டடிப் பாட்டு, தாயுமானவர் பாடியது பராபரக்கண்ணி. 'பராபரத்துக்குப் பின்னால் வருவது பாதைக்குக் கீழே இருந்தால் (5)' என்று ஒருமுறை எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் கிழித்தேன். பக்தி இலக்கியம் தெரிந்தவர் அதை ரசிப்பார். அவரே காலையில் வயலுக்கும் போகிறவர்.

ஒருநாள் இந்தக் கொப்பியோடு சோதனைச் சாவடி ஒன்றில் மாட்டிக்கொண்டேன். எந்த இடம் என்பது வேண்டாம். பையைக் கொட்டினார்கள். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம், கட்டத்துக்குள் இலக்கங்கள், ஓரத்தில் தமிழில் நுணுக்கி எழுத்து. இளம் பொடியன் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். வரைபடமோ என்று கேட்டான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "பத பிரஹேலிகா" என்றேன். நம்பவில்லை, ஒரு வரியைத் தொட்டு வாசிக்கச் சொன்னான். என் கெட்டகாலம், அவன் விரல் நின்ற இடத்தில் இருந்தது 'வெடி'. நான் வாசித்ததும் அவன் முகம் மாறியது. தமிழ் தெரியாதவனுக்கும் அந்த ஒரு சொல் தெரியும், அவன் மொழியிலும் அது அதேதான். அவசரத்தில் விளக்கம் சொல்லப்போய் "வெடி பெஹெத்" என்று வேறு உளறினேன். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். பையில் மடித்து வைத்திருந்த பழைய பத்திரிகையில் என் கட்டமே அச்சாகியிருந்ததால் தப்பினேன். பெரியவர் ஒருவர் வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கொப்பியைத் திருப்பித் தந்தார்.

பிறகு ஒரு புத்தகத்தில் லெனர்ட் டோ என்பவரைப் பற்றி வாசித்தபோது எனக்கு ஆறுதல். இங்கிலாந்தில் அவரும் வாத்தியார்தான். டெய்லி டெலிகிராப் பத்திரிகைக்குக் கட்டம் போட்டவர். 1944 மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும் அவர் கட்டங்களில் யூட்டா, ஒமாஹா, ஓவர்லோர்ட், மல்பெரி, நெப்டியூன் என்று வரிசையாக விடைகள் வந்தன. எல்லாமே நோர்மண்டிப் படையிறக்கத்தின் இரகசியப் பெயர்கள். உளவுத்துறை வீட்டுக்கே போய் விசாரித்தது. அவரும் வெயிலில் நின்றாரா என்று புத்தகத்தில் இல்லை.

இனி ஒரு தவறு. என்னுடையது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு பாடசாலைச் சுவர்களில் மண்டையோட்டுப் படத்தோடு 'மிதிவெடி' அறிவித்தல்கள் வந்தன. பிள்ளைகள் கூடத் தினம் வாசிக்கிற சொல். இனி அதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அந்தச் சொல்லின் கட்டமைப்பு வேறு என்னைப் பல வருடமாகத் துன்புறுத்திக்கொண்டிருந்தது. மிதி என்பதும் ஏவல், வெடி என்பதும் ஏவல். 'இரண்டு கட்டளை, ஒரு சொல். முதலாவது மட்டும் உமக்கு (4)' என்று எழுதி அனுப்பினேன். நல்ல குறிப்பு என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

மூதூர்ப் பக்கமிருந்து ஒருவர் மாதம் தவறாமல் தபாலட்டையில் விடை அனுப்புவார். கட்டத்தை அடிமட்டம் வைத்துக் கீறி, ஒவ்வொரு எழுத்தையும் முத்து மாதிரி எழுதுவார். ஒரு பிழை கண்டதில்லை. அந்த மாதமும் அட்டை வந்தது. எல்லாம் சரி. அந்த ஒரு வரியில் மட்டும் 'மி', அடுத்தது வெறுமை, 'வெ', அடுத்தது வெறுமை. மியும் வெயும் மேலிருந்து இறங்கிய சொற்களால் தானாக நிரம்பியவை. மற்ற இரண்டு பெட்டியையும் அவர் தொடவில்லை. விடை தெரியாமல் விட்டவர் இல்லை என்று சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். கடிதம் ஏதும் இல்லை, குறையும் சொல்லவில்லை. அடுத்த மாதம் வழக்கம்போல முழுக்கட்டமும் நிரப்பி அனுப்பினார். நான் அவருக்கு ஒன்றும் எழுதவில்லை. என்ன எழுதுவது? அந்தச் சொல்லைப் பிறகு நான் எந்தக் கட்டத்திலும் வைக்கவில்லை.

கதை எழுதுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். துவக்குச் சூடு வருகிற கதையில் பத்துக்கு ஒன்பதில் 'கந்தக நெடி' வீசும். கந்தகம் கறுப்பு மருந்தோடு போன சங்கதி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே படைகள் புகையில்லா மருந்துக்கு மாறிவிட்டன. அதில் கந்தகம் சேர்ப்பதில்லை. கந்தக நெடி வேண்டுமானால் கதாநாயகன் சீனவெடி கொளுத்த வேண்டும். ஆங்கிலத் துப்பறியும் கதைக்காரர்களின் நோய் இன்னொன்று: அங்கே எப்போதும் 'கோர்டைட் மணம்'. 1889இல் ஏபல், டீவார் என்ற இருவர் செய்த மருந்து அது. நைத்திரோகிளிசரீன் 58 பங்கு, வெடிபஞ்சு 37, மீதி 5 வாஸ்லின். சேமியா பிழிவது போல அச்சில் பிழிந்து கயிறாக எடுத்ததால் அந்தப் பெயர். நீலகிரி அருவங்காட்டில் அதற்கென்றே ஒரு தொழிற்சாலை எழும்பியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கோர்டைட் வழக்கொழிந்தது. கதைகளில் மட்டும் இன்னும் மணக்கிறது.

எங்கள் துறைமுகத்துக்கு அந்த மணத்தில் உரிமை உண்டு. 1942 ஏப்ரல் 9 காலை யப்பான் விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கியபோது பிரித்தானியப் பீரங்கிகள் மேலே பார்த்துச் சுட்டன. அப்பா டொக்யாட்டில் வேலை செய்தவர். அந்த நாளைப் பற்றிச் சொல்லும்போது கந்தகம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "கண் எரிஞ்சுது, தொண்டை எரிஞ்சுது" என்பார், அவ்வளவுதான். எழுத்தாளர் இல்லாதபடியால் சரியாகச் சொன்னார்.

ஆங்கிலக்காரரின் வெடிச்சொற்களும் வீட்டுப்பொருள்களில் இருந்தே போயின என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. கிரனேட் என்பது மாதுளம்பழம். ஹாம்லெட் நாடகத்தில் வரும் பெட்டார்ட் என்ற சிறுவெடியின் வேர், பிரெஞ்சில் குசு விடுவது. மகசின் அரபியில் பண்டகசாலை. முதலில் மருந்துக் கிடங்கு, 1731இல் லண்டனில் ஒரு சஞ்சிகைக்கு அந்தப் பெயரை வைத்தபின் வாசிக்கிற மகசின். கொழும்பில் அது சிறைச்சாலையின் பெயர். 'வாசிக்கலாம், உள்ளே போனால் வழக்கறிஞர் தேவை (4)' என்று எழுதலாம். எழுதவில்லை, உள்ளே இருந்தவர்களும் பத்திரிகை வாசித்தார்கள். மொட்டைச் சொல் என்று நான் திட்டிய ரி.என்.ரி.க்குள்ளும் ஒரு வைத்தியக் கடை இருக்கிறது. அதன் கடைசி 'ரி'யான தொலுயீன் என்ற பெயர் கொலம்பியாவின் தொலூ ஊரிலிருந்து வந்த பிசினால் ஏற்பட்டது. அந்தப் பிசின் இருமல் பாணியில் சேர்ப்பது.

தமிழில் இந்தக் கலையை இன்று நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தென்றல் இதழில் வாஞ்சிநாதன் போட்ட கட்டங்களைப் பாருங்கள். தனிக்குறிப்பாக அவர் விடுவதற்கு 'உதிரிவெடி' என்றே பெயர். சரமாக அல்லாமல் ஒவ்வொன்றாகக் கொளுத்துவது. பெயரைக் கேட்டதும் எனக்கு ஒரு கணம் நெஞ்சு இறுகியது, பிறகு பொறாமை வந்தது. அங்கே அந்தச் சொல் தீபாவளிக்குள் பத்திரமாக இருக்கிறது. புதிர் உலகில் 'வெடித்தது', 'சிதறியது' என்றால் எழுத்தைக் கலைத்து அடுக்கு என்று சைகை. நான் செய்ததில் ஒன்று: 'குண்டு வெடித்த நகரம், பாவிகள் போவது (4)'. ந, க, ர, ம். இரண்டு எழுத்து இடம் மாறினால் போதும். இதைப் போர் முடிந்து, 2009க்குப் பல வருடம் கழித்துத்தான் வெளியிட்டேன். யாரும் வெறும் பெட்டி அனுப்பவில்லை.

போன வருடம் நெஞ்சு நோவு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீட்டுக்கு விடும்போது டொக்டர் பிள்ளை ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தல் தந்தது. என்னிடம் படித்த பிள்ளை. "சேர், நோ வந்தால் ஒண்டை நாக்குக்குக் கீழே வையுங்க. என்ன மருந்தெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை" என்று சிரித்தது. நைத்திரோகிளிசரீன். குளிசை ஒன்றில் அரை மில்லிகிராம். இரத்தக்குழாயைத் தளர்த்தும், ஒன்றும் வெடிக்காது. கடைசிக் காலத்தில் நெஞ்சு நோவோடு இருந்த நோபலுக்கும் வைத்தியர்கள் இதையே எழுதிக் கொடுத்தார்கள். அவர் அதைப் பற்றி நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். எனக்கு எழுத நண்பர் இல்லை, கட்டம்தான் இருக்கிறது. என் பழைய குறிப்பை எடுத்து, 'வாணக்காரரும்' என்பதை அடித்துவிட்டு 'நோபலும்' என்று மாற்றிப் பார்த்தேன். பெட்டிக்கணக்கு அதேதான், நாலு.

போத்தலைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். வெயில் படக் கூடாது, மூடியை இறுக்க வேண்டும். திறந்து எட்டுக் கிழமை ஆனால் மிச்சத்தை வீசிவிட்டுப் புதுசு வாங்க வேண்டும். அதற்கு மேல் மருந்தில் வீரியம் இராது.